ராணி இருந்த இடத்தில் ஹாலாஸ்யம்

மதுரையில் இப்போது போலி வெள்ளி ரூபாயைக் கண்டுபிடிக்க லென்ஸும் வேண்டாம், தராசும் வேண்டாம். விக்டோரியா ராணியின் தலை இருக்க வேண்டிய இடத்தில் சிம்மக்கல் ஹாலாஸ்யத்தின் தலை இருந்தால் அது போலி. மூக்குக்கண்ணாடி, தாடை மரு, காதிலிருந்து எட்டிப் பார்க்கும் முடி எல்லாம் தெளிவாக விழுந்திருக்கும். அவர் மீசையை எடுத்த வாரம் ஊரிலிருந்த போலிகள் அத்தனையிலும் மீசை போனது. பல்வலியில் அவர் கன்னம் வீங்கியபோது நாணயங்களிலும் வீங்கியது. அதற்காக வருத்தப்பட்டவர் யாரும் இல்லை.

ஹாலாஸ்யம் பழைய நாணயம் வாங்கி விற்கிறவர். தொழில் தெரிந்தவர் என்பதை மறுக்க முடியாது. நாணயத்தின் ஓர வரிகளை நகத்தால் வருடுவார், கல்லில் போட்டு ஓசை கேட்பார், வார்ப்பில் விழுந்த பொடிக்குழிகளை லென்ஸில் தேடுவார். அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. இதே மனிதர் கடையின் பின்கட்டில், முலாம் பூசிய போலிகளை அவித்த முட்டையோடு டப்பாவில் மூடிவைத்துக் கறுக்கச் செய்து, நூறு வருஷத்துக் கறுப்பு என்று விற்றதும் கடைத்தெருவுக்குத் தெரியும். தெரிந்தும் பல்லைக் காட்டினார்கள். அவர் வாயில் விழுந்தால் தங்கள் சரக்கு போணியாகாது என்ற பயம்தான். அந்தக் கறுப்பை நம்பி வாங்கிப்போனவர்களில் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் நல்லகாமனும் ஒருவர்.

நல்லகாமன் தன் மகனுக்கு அவனியாபுரம் தங்கப்பொண்ணுவின் மகள் முத்துமீனாவைப் பேசியிருந்தார். இந்த இரண்டு குடும்பங்களிலும் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயத்தன்று இரு வீட்டு வெள்ளி ரூபாய்களையும் ஒரே தட்டில் கொட்டிக் கலந்து, பிறகு ஆளுக்குப் பாதியாக அள்ளிக்கொள்வார்கள். எது யாருடையது என்று அப்புறம் யாரும் கேட்கக் கூடாது. கலப்பதற்கு முன் பார்த்துவிடுவோம் என்று நல்லகாமன் மண்டபத்துக்கே ஹாலாஸ்யத்தை அழைத்து வந்துவிட்டார். தங்கப்பொண்ணுவோ, சம்பந்தி வீட்டார் முன்னால் அழுக்குக் காசை வைக்கலாமா என்று முந்தின நாளே புளி போட்டுத் தேய்த்து, சாம்பலால் துலக்கி வைத்திருந்தாள். குத்துவிளக்குக்குச் செய்வதை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தக் காசுகளுக்கும் செய்வாள். தேய்ந்து தேய்ந்து ராணிக்கு மூக்கே இல்லை. நாணயம் சேர்க்கிறவர்கள் பார்த்தால் நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள். ஆனாலும் அவை அசல்.

தொட்டவுடனே ஹாலாஸ்யத்துக்கு அது தெரிந்துவிட்டது. இதை அசல் என்று சொன்னால், மாப்பிள்ளை வீட்டுக் காசு ஏன் இத்தனை லேசாக இருக்கிறது என்ற கேள்வி அடுத்து வரும். அவர் ஒன்றைக்கூடக் கல்லில் போட்டுப் பார்க்காமல், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"இந்தப் பளபளப்பப் பாத்தாலே தெரியலையா? அம்புட்டும் டூப்ளிகேட்."

நல்லகாமன் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். அவர் வீட்டுப் பெண்கள் இலையில் உட்காராமலேயே வேனில் ஏறினார்கள். மணப்பெண் அலங்காரத்தோடு முத்துமீனா அத்தனை பேர் நடுவே உட்கார்ந்திருந்தாள். களவுக் குடும்பம் என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. தங்கப்பொண்ணு சத்தியம் செய்தாள், ஒருவரும் காது கொடுக்கவில்லை. கடைசியில் வாசலை மறித்து நின்று ஹாலாஸ்யத்திடம் சொன்னாள்:

"இம்புட்டுப் பேருக்கு முன்னால பொய்யின்னுட்டீங்கண்ணே. இனிமே பொய்ய உங்க மூஞ்சியிலதேன் பாப்பாக."

மறுநாள் காலையில் நல்லகாமன் பெட்டியைத் திறந்தபோது, உள்ளே ஒரு ராணியும் இல்லை. கறுத்த காசுகள் அத்தனையிலிருந்தும் ஹாலாஸ்யம் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். வாரக் கடைசிக்குள் ஊர் முழுக்க அப்படி ஆனது. வடக்கே எங்கோ போலிகளை அச்சடிக்கிறவர்கள் அச்சை மாற்றிப் பார்த்தார்கள். சரக்கு வைகையைத் தாண்டியதும் ராணி இறங்கிக்கொண்டாள், ஹாலாஸ்யம் ஏறிக்கொண்டார். இதை ஒரு தொந்தரவாக எண்ணிப் போலி வியாபாரிகள் வேறு ஊர் பார்த்துப் போனார்கள்.

நல்லகாமன் பழத்தட்டோடு அவனியாபுரத்துக்குத் திரும்பி வந்தார். முத்துமீனா வாங்க என்று சொல்லவில்லை, மாமா என்றும் அழைக்கவில்லை.

"காசு சொன்னதும் நம்பி வந்திருக்கீக. எங்கம்மா சொன்னப்ப நம்பலைல்ல? கெளம்புங்க."

அவர் பழங்களைத் திண்டில் வைக்கப் பார்த்தார். அதையும் எடுத்துப் போகச் சொல்லிவிட்டாள்.

ஹாலாஸ்யத்தின் கடை படுத்தது. ஆள் தெருவில் வந்தால் போலி வருது என்று சத்தமாகவே சொன்னார்கள். நேற்றுவரை பல்லைக் காட்டியவர்கள்தான் முதலில் சொன்னது. காலியான கடையை முத்துமீனா வாடகைக்குப் பிடித்து, காசு பார்த்துச் சொல்ல உட்கார்ந்தாள். காசிலிருக்கும் முகம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தாலும், வேறொருவர் வாயால் கேட்டால்தான் ஜனங்களுக்குத் திருப்தி. வருஷங்கள் போயின. நாணயத்தில் ஹாலாஸ்யத்துக்கு முடி கொட்டியது, கன்னம் ஒட்டியது, பல் போனது.

போன ஆடியில் அவரே அந்தக் கடைக்கு வந்து வரிசையில் நின்றார். யாரும் அவரோடு பேசவில்லை. தன் முறை வந்ததும், அப்பா காலத்திலிருந்து பூஜையறையில் இருக்கிற காசு என்று சொல்லி ஒரு வெள்ளி ரூபாயை வைத்தார். பூஜைக் காசைச் சோதிக்க அவருக்குத் தோன்றியதே இல்லை. குங்குமம் அப்பிக் கிடந்ததை ஒரு வெள்ளிக்கிழமை கழுவியபோதுதான் தன் முகத்தைப் பார்த்திருக்கிறார்.

"நல்லாப் பாத்துச் சொல்லும்மா," என்றார்.

அசல் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதைக் கேட்கத்தான் வந்திருந்தார். முத்துமீனாவுக்கு வாசலை மறித்து நின்ற அம்மா நினைவுக்கு வந்தாள். வரிசையின் கடைசிக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"டூப்ளிகேட்."

காசைத் தள்ளிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமையும் ஹாலாஸ்யம் அதைப் புளி போட்டுத் தேய்த்தார். மரு போகவில்லை. பிறகு வழக்கம்போலச் சாமி படங்களுக்கு முன்னால் வைத்து, அதிலிருந்த தன் நெற்றியில் குங்குமம் இட்டு, சூடம் காட்டிக் கும்பிட்டார்.