ஒரு கட்டுரை, இரண்டு பெயர்கள்

சார் அதைச் சொல்லும்போது எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த ஜல்லிக்கல் ஒன்றை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேர் சேர்ந்து எழுதின பேப்பர ரெண்டு தீசிஸ்லயும் காட்ட முடியாதும்மா. ரூல் அப்படி. ஒருத்தர் எடுத்துக்கணும். இன்னொருத்தர், நான் இத என் தீசிஸ்ல சேர்க்க மாட்டேன்னு கையெழுத்து போட்டுக் குடுக்கணும். உங்களுக்குள்ள பேசிக்கங்க." பிறகு சிரித்தார். "ஒரே வீடுதானே. சாப்பிடறப்ப பேசினாலே முடிஞ்சிடும்."

ஒரே வீடுதான். அதுதான் சிக்கல்.

சிவில் இன்ஜினியரிங்கில் முனைவர் பட்டம் என்றால் ஏதாவது பாலம் கட்டிக் காட்ட வேண்டும் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். பாலமாக இருந்தால்கூட இதற்குள் கட்டி முடித்திருப்பேன். முதலில் பாடங்களில் தேற வேண்டும். பிறகு பேராசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்து எதை வேண்டுமானாலும் கேட்கும் வாய்மொழித் தேர்வு. அதில் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தெரிந்த விடைக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்து, மறுமுறை எழுந்து நின்று தேறினேன். அதற்கப்புறம் ஆய்விதழ்களில் இரண்டு கட்டுரைகள் வந்தாக வேண்டும். அவை வந்தால்தான் ஆய்வேட்டை எழுதிக் கொடுக்க விடுவார்கள். என்னுடையதாக ஒன்று வந்திருந்தது. இன்னொன்று, ஏற்கலாமா என்று சொல்ல வேண்டிய முகம் தெரியாத யாரோ ஒருவருடைய பார்வையில் மாதக்கணக்கில் கிடந்தது. மூன்றாவது, அன்று சார் அறையில் என் பக்கத்தில் நின்றவளோடு சேர்ந்து எழுதியது. அவள் கணக்கும் அச்சு அசலாக இதேதான்.

அவள் எங்கள் லேபில் எனக்கு ஒரு வருடம் கழித்துச் சேர்ந்தாள். வயது ஒன்றுதான் என்றாலும் லேப் வழக்கப்படி என்னை அக்கா என்று கூப்பிட்டாள். மோல்டு என்கிற இரும்பு அச்சில் கான்கிரீட்டை எப்படிக் குத்தி நிரப்புவது, மறுநாள் எப்படி உடையாமல் பிரித்தெடுப்பது, எல்லாம் நான் காட்டிக் கொடுத்தது. ஒரு நாள் என் வண்டி பஞ்சராகி, கூட்டிப்போக அண்ணன் வந்தான். நான் கைகழுவிவிட்டு வருவதற்குள், கான்கிரீட் ஏன் விரிசல் விடுகிறது என்று அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அவன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். அத்தனை வருடத்தில் என்னிடம் அதை ஒருமுறைகூட அவன் கேட்டதில்லை.

அவர்கள் இருவருக்கும் கல்யாணமானதும் நான் அக்காவாக இருந்தது போய் அவள் எனக்கு அண்ணியானாள். "அண்ணிய என்னடி வா, போன்னு பேசற?" என்று அம்மா முதல் வாரமே கண்டித்தாள். வீட்டில் வாங்க அண்ணி, லேபில் வாடி. காலையில் பேருந்தை விட்டு இறங்கும் இடத்தில் நாக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். சில நாட்கள் மாற்ற மறந்து, லேபிலும் "வாங்க" என்றே கூப்பிட்டேன். அவள் திருத்தவில்லை.

சேர்ந்து எழுதிய அந்தக் கட்டுரைக்காகச் சோதித்த கான்கிரீட் கட்டிகள் முழுவதும் நான் வார்த்தவை. அவள் கணக்குப் போட்டாள், எழுதினாள். யார் பெயர் முதலில் என்று சார் கேட்டபோது நான் என் செருப்பைப் பார்த்தேன். "அக்காவே சொல்லட்டும் சார்" என்றாள் அவள். அப்படிச் சொன்னால் நான் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும். "உன் பேரே இருக்கட்டும்" என்றேன். அவள் பெயர் முதலில் வந்தது. அம்மா அதைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மருமக பேரு ஃபர்ஸ்ட்டா இருக்கு பாருங்க" என்று அப்பாவிடம் காட்டினாள். இரண்டாவது பெயரும் இந்த வீட்டுப் பெயர்தான் என்று அப்பா சொல்லும்வரை அம்மா விரலை நகர்த்தவில்லை.

சார் சொன்னதற்குப் பிறகு நாங்கள் அதைப் பேசவில்லை. ஒரே பேருந்தில் அருகருகே உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். இருவரில் முதலில் முடிப்பவள் யார் என்பது எனக்குச் சோறு தண்ணீரை மறக்கடித்தது. அவள் முடிக்கக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. எனக்கு முன்னால் முடிக்கக் கூடாது. அவ்வளவுதான்.

அப்படியிருக்க ஒரு மத்தியானம், பக்கத்து நாற்காலியில் அவள் திடீரென்று மூச்சை உள்ளிழுத்தாள். எட்டிப் பார்க்காமலே அவள் திரையில் ஆய்விதழின் மின்னஞ்சல் எனக்குத் தெரிந்தது. அவளுடைய இன்னொரு கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அவள் கணினியை மெல்ல மூடினாள். "வாழ்த்துக்கள்" என்று சொல்ல வாயெடுத்தேன். தண்ணீர் குடிக்கத்தான் வாய் திறந்தது.

இனி அவளுக்கு அந்தச் சேர்ந்து எழுதிய கட்டுரை தேவையில்லை. எனக்குத்தான் தேவை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது, எல்லாரும் இருக்கையில், அவள் சொன்னாள்: "அத்தை, நாங்க சேர்ந்து எழுதின பேப்பர் இருக்குல்ல, அத அவளே எடுத்துக்கட்டும். ஒருத்தருக்குத்தான் ஆகுமாம். நான் கையெழுத்து போட்டுத் தந்துடறேன்."

அம்மா கரண்டியை அப்படியே நிறுத்தினாள். "உன் பேருதானேம்மா முதல்ல இருக்கு?"

"பரவால்ல அத்தை. அவ சீனியர்."

"யாருக்கு வரும் இந்த மனசு?" அம்மா அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். என் பக்கம் திரும்பினாள். "கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு. ஒரு தேங்ஸ் சொல்லேன்டி."

"கல்லு இல்லம்மா, கான்கிரீட்" என்றான் அண்ணன். அப்பா சிரித்தார். நான் தேங்ஸ் அண்ணி என்றேன். தனக்கு வேண்டாததைக் கொடுத்துவிட்டு அவள் என் அம்மாவை மொத்தமாக வாங்கிக்கொண்டது போலிருந்தது. சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன்.

மறுநாள் லேபில் முந்தைய நாள் வார்த்த கட்டிகளை மோல்டிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தோம். நான் ஒரு பக்கத் தகட்டைப் பிடிக்க, அவள் போல்ட்டைத் தளர்த்தினாள். பேசாமலே கைகளுக்கு வேலை தெரிந்திருந்தது. அலுவலகத்தில் வாங்கிய விட்டுக்கொடுப்புத் தாளை அவள் நீல மையில் கையெழுத்திட்டு மேசையில் வைத்திருந்தாள். மின்விசிறிக்கு அது எழுந்து எழுந்து அடங்கியது. கீழே, எடுத்துக்கொள்பவளாக நான் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. சாயங்காலத்துக்குள் சாரிடம் சேர்க்க வேண்டும்.

"உனக்கு இன்னொண்ணு வந்துடுச்சுன்னு நேத்து சொல்லியிருக்கலாம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவள் ஸ்பேனரைத் திருப்புவதை நிறுத்தவில்லை. "பாத்துட்டியா?"

"பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். மிச்சமானத தூக்கிக் குடுத்துட்டு, தியாகி பட்டம் வேற."

போல்ட் கழன்று கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"ஆமா, மிச்சந்தான்" என்றாள். "வந்துடுச்சுன்னு சொல்லியிருந்தா உங்கம்மா என்ன சொல்லியிருப்பாங்க? சரிம்மான்னுட்டு அடுத்த வேலயப் பாத்திருப்பாங்க. நேத்து நீ தட்ட அப்படியே போட்டுட்டுப் போன. அத எடுத்துக் கழுவினது யாரு?"

நான் கையில் இருந்த தகட்டைத் துடைத்தேன்.

"உனக்கு அந்த வீட்ல எதுவும் செய்யாமலே கிடைக்குது. நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டாலும் மறுநாள் மக மகதான். நான் எதையாவது குடுத்துக்கிட்டே இருக்கணும். உன்னப் பாத்தா எனக்கு எப்படி எரியும்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. என்னைப் பார்த்து ஒருத்திக்கு எரிய முடியும் என்பதே அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. வெட்கமாகவும், சொல்லக் கூசும்படி சந்தோஷமாகவும் இருந்தது. ஆனாலும் என் எரிச்சல் இறங்கவில்லை. கழுவிய தட்டையும் சேர்த்து அவள் கணக்கில் எழுதிக்கொண்டதுபோல இன்னும் கொஞ்சம் ஏறியது.

"எனக்கு வேணாம். என்னோடது வரட்டும், வந்தப்பறம் முடிக்கறேன்" என்றேன்.

"வராட்டி?"

மின்விசிறிக் காற்றில் தாள் மேசை விளிம்புக்கு நகர்ந்தது. அவள் சட்டென்று கையில் இருந்த கட்டியை அதன்மேல் வைத்தாள். அப்போதுதான் பிரித்தெடுத்த கட்டி. கருஞ்சாம்பல் நிறம், இன்னும் ஈரம் போகவில்லை. மோல்டில் தடவிய எண்ணெய் அதன் அடியில் பிசுபிசுத்தது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கட்டியைச் சுற்றித் தாள் கருக்கத் தொடங்கியது. எண்ணெய்க் கறை நாலா பக்கமும் சீராகப் பரவியது. ஒரு பக்கம் அவளுடைய நீலக் கையெழுத்தை நோக்கி, இன்னொரு பக்கம் என்னுடைய காலி இடத்தை நோக்கி. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இருவர் கைகளும் கட்டிக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தன.