பிளாஸ்மா குளிர் விடும்வரை

“நிமித்திப் பிடியடா, சரிக்காதை” என்று மகேந்திரராசா கீழேயிருந்து சொன்னார்.

பெட்டியின் மேல்முனையைப் பிடித்தபடி பின்பக்கமாகப் படியேறிக்கொண்டிருந்த சஞ்சீவன், “அத்தான், இதிலை கொஞ்சம் வைச்சிட்டுத் தூக்குவம்” என்றான். அவர் கேட்கவில்லை. மூன்றாம் மாடித் திருப்பம் வந்துவிட்டது, இன்னும் ஒரு மாடிதான். பாரம் முழுக்கக் கீழே நிற்பவருக்குத்தான். முப்பத்தைந்து வயது மச்சினன் மேலேயும் ஐம்பத்துமூன்று வயது அத்தான் கீழேயும் நின்றதற்குக் காரணம் இருந்தது. தவறினால் தன்மேல் விழட்டும், சாமான் நிலத்தில் விழக்கூடாது என்று வாசலிலேயே அவர் முடிவு கட்டியிருந்தார்.

கோசலை மூன்று படி பின்னால் அவருடைய குளிர்ச் சட்டையையும் வீட்டுத் திறப்புக் கொத்தையும் பிடித்துக்கொண்டு வந்தாள். மாசி மாதத்துக் குளிர். படிக்கட்டில் சூடாக்கி இல்லை. ஆனாலும் கணவரின் பிடரி நனைந்து, சேட்டுக் கழுத்து கறுத்துப்போயிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே ஏறினாள்.

அந்த இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டுச் சனிக்கிழமை மகேந்திரராசாவுக்கு இன்னும் மூன்று மணித்தியாலம்கூட இருக்கவில்லை.

லிஃப்ற் இல்லாமலில்லை. பாரிஸ் லா சப்பலின் அந்தப் பழைய கட்டடத்து லிஃப்ற்றுக்குள் இரண்டு பேர் மூச்சை உள்ளே இழுத்தபடி நிற்கலாம். ஐம்பது அங்குல ரீவி நிற்காது. சாய்த்து வைத்தால் ஒருவேளை போகும். பிளாஸ்மாவைச் சாய்க்கக்கூடாது என்று ரீவிக் கடைக்கார வலன்ரைன் ஒரு தடவைக்கு மூன்று தடவை சொல்லி அனுப்பியிருந்தான்.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் புறநகர் ஆர்ஜொந்தெய். நத்தார்ப் பண்டிகைக்கு அங்கே இருக்கும் தமையன் நாற்பத்திரண்டு அங்குல எல்சிடி ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டினார். மாட்டியவர் சும்மா இருக்கவில்லை. “தம்பி, உன்ரை பழைய பெட்டியிலை ஆக்களின்ரை மூக்குத் தெரியுமோ” என்று பத்துப் பேருக்கு நடுவில் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து மகேந்திரராசா, வேலைசெய்யும் உணவகத்துச் சமையலறையில் ஓய்வு கிடைத்த நாளெல்லாம் வலன்ரைன் கடையில் போய் நின்றார். எல்சிடியா, பிளாஸ்மாவா? வீட்டில் உப்புப் புளிக்கு அடுத்ததாக அதுதான் பேச்சு. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. தமையன் குடும்பத்தோடு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார். அதற்குள் ஒன்று வந்தாக வேண்டும்.

காலையில் கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யாரோ ஒருவரின் கலியாண டிவிடியை வலன்ரைன் ஓடவிட்டான்.

“அக்கா, பக்கத்திலை வந்து நிண்டு பாருங்கோ. எல்சிடியிலை மாப்பிள்ளையின்ரை கோட் சாம்பலாக் கிடக்கு. பிளாஸ்மாவிலை கறுப்பெண்டாக் கறுப்புத்தான். ஓரத்திலை இருந்து பாக்கிற ஆக்களுக்கும் நிறம் மாறாது.”

“பாரம் எவ்வளவு?” என்று கோசலை கேட்டாள்.

“எல்சிடி இருபத்தைஞ்சு கிலோ வரும். பிளாஸ்மா நாப்பத்திரண்டு. கண்ணாடியெல்லோ.”

மகேந்திரராசா அவளைத் திரும்பிப் பார்த்து, “நீர் சொல்லும்” என்றார்.

இருபத்திரண்டு வருடக் கலியாண வாழ்க்கையில், கறிக்கு உப்புக் காணுமோ என்பதைத் தவிர வேறு எதற்கும் அவர் அப்படிக் கேட்டதில்லை. நாப்பத்திரண்டு கிலோ என்பது அவள் காதில் இன்னும் நின்றது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்துக்கு என்ன பதில் வேண்டுமென்று அவளுக்குத் தெரியாமல் போனால்தானே.

“பிளாஸ்மா” என்றாள்.

“அக்கா சரியாச் சொல்லிப்போட்டா” என்றான் வலன்ரைன். பிறகு மகேந்திரராசாவிடம், “அண்ணை, ஒபர்வில்லியேக் குடோனிலை இருந்து எடுக்கிற சாமான், ஐஸ் மாதிரி இருக்கும். கொண்டுபோன உடனை போட்டிடாதேங்கோ. மூண்டு மணித்தியாலம் வீட்டுச் சூட்டிலை நிக்கவிடுங்கோ. இல்லாட்டி உள்ளுக்கை ஈரம் பிடிச்சு அடிச்சுப்போடும்” என்று சொன்னான்.

வீட்டுக்குள் பெட்டியைக் கொண்டுவந்து பிரித்து, மேசையில் ஏற்றி நிறுத்தும்போது சரியாக இரண்டு மணி. சஞ்சீவன் தன் வான் வண்டியைத் தெருவில் இரண்டாம் வரிசையில் நிறுத்திவிட்டு வந்தவன். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“அக்கா, பொலிஸ் வந்தாத் தண்டம் எழுதிப்போடுவான். நான் போறன். அத்தான், களைச்சுப்போனியள், கொஞ்சம் இருங்கோ.”

அவன் போய்விட்டான். மகேந்திரராசா சோபாவில் ரீவிக்கு நேர் எதிரே உட்கார்ந்து, “அஞ்சு மணிக்குப் போடலாம்” என்றார்.

மகள் லக்சிகா தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பதினேழு வயது. அவள் பிரெஞ்சில் ஏதோ சொல்ல, “பெரிசுதான், ஏன் பெரிசா இருந்தாப் பிழையே” என்று அவர் தமிழில் சொன்னார். அவர்கள் இருவரும் எப்போதும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். கோசலைக்கு அது கேட்கப் பிடிக்கும்.

இரண்டரை மணிபோல அவர் வலது கையை நெஞ்சு நடுவில் வைத்தார்.

“என்ன செய்யுது?”

“ஒண்டுமில்லை. இதுக்கை ஏதோ அடைச்சுக்கொண்டு நிக்குது. காலமை வெறும் வயித்திலை கோப்பி குடிச்சது. வாய்வு.”

அவள் குசினிக்குப் போய் இஞ்சியும் உள்ளியும் தட்டிப் போட்டு, ஓமம் அவித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து ஒரு ஏப்பம் விட்டார். “பாத்தீரோ” என்றார். இருவருக்கும் நிம்மதியாக இருந்தது. ஒரு கால் மணித்தியாலம் அந்த நிம்மதி இருந்தது.

மூன்று மணிக்கு அவர் இடது கையை உதறிக்கொண்டிருந்தார். பெட்டி பிடித்த கை உளைகிறதாம். கோசலை தைலம் பூசிவிட்டாள். கையின் தோல் குளிர்ந்து பிசுபிசுத்தது. அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

“பொம்பியேக்கு எடுப்பமே?”

அவர் திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் வேறெதையும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முந்தி இப்படித்தான் ஒருநாள் நெஞ்சு அடைக்கிறது என்றார். கோசலை பதறிப்போய், மகளைக்கொண்டு அவசர எண் பதினெட்டுக்கு அடிக்கவைத்தாள். தீயணைப்புப் படையின் முதலுதவிக்காரரான நான்கு பொம்பியேக்காரர் சப்பாத்துச் சத்தத்தோடு ஓடிவந்து, அவரைக் கதிரையில் வைத்துக் கட்டி இறக்கினார்கள். தெருவில் மரக்கறிக் கடை, நகைக் கடை, சேலைக் கடை எல்லாம் வாசலுக்கு வந்து பார்த்தன. ஆஸ்பத்திரியில் ஆறு மணித்தியாலம் வைத்துச் சோதித்து, வாய்வு என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆர்ஜொந்தெய்த் தமையன் போகாத கொண்டாட்டம் இல்லை, சொல்லாத சபை இல்லை. “என்ரை தம்பிக்கு ஏப்பம் வந்தாப் பாரிஸிலை சைரன் கேக்கும்.” எல்லாரும் சிரிப்பார்கள். மகேந்திரராசாவும் சிரிப்பார். வீட்டுக்கு வந்தபின் கோசலையோடு இரண்டு நாள் பேசமாட்டார்.

“நாளைக்கு அண்ணை வாறார்” என்றார் அவர் இப்போது. “என்னை ஆஸ்பத்திரியிலை வந்து பாத்துச் சிரிக்கோணுமே? சும்மா இரும்.”

அவள் சும்மா இருந்தாள். குசினிக்குப் போய் நாளைக்கான இறைச்சியைக் கழுவினாள். வெங்காயம் உரித்தாள். ஒவ்வொரு வெங்காயத்துக்கும் ஒரு தடவை வாசலில் வந்து பார்த்தாள். அவர் அப்படியே இருந்தார். எதிரே இருந்த கறுப்புக் கண்ணாடியில் சோபாவும் அவரும் கலங்கலாகத் தெரிந்தார்கள். கண்ணாடியில் தெரிந்தவரைப் பார்க்கத்தான் அவளுக்கு இன்னும் கூடுதலாகப் பயமாக இருந்தது. ஏனென்று தெரியவில்லை.

நாலு மணி. அவர் சத்தி எடுக்கவேண்டும்போல இருக்கிறதென்றார். எடுக்கவில்லை. நாடி எலும்பும் பல்லும் வலிக்கிறது என்றார். “பல்லுக்கும் வாய்வே” என்று அவரே கேட்டுச் சிரிக்கப் பார்த்தார். முகம் ஈயப் பாத்திரத்து நிறத்துக்கு வந்திருந்தது. கோசலை பக்கத்தில் இருந்து சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தாள்.

நாலே கால் இருக்கும். லக்சிகா குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினாள். கையில் தொலைபேசி இருந்தது. இந்த வீட்டில் வெளியே போகும் ஒவ்வொரு பிரெஞ்சு அழைப்பும் அவளுடைய வேலை. வாடகைக் கந்தோர், மின்சாரம், வைத்தியர், அப்பாவின் முதலாளி என்று எட்டு வயதிலிருந்தே பேசிப் பழகியவள். ஆனால் பெரியவர்கள் சொல்லாமல் எடுத்ததில்லை. அப்படி வளர்த்திருந்தார்கள்.

“அம்மா, எடுக்கட்டே?” என்று தமிழில் கேட்டாள்.

கோசலைக்கு இன்றைக்கும் அந்தக் குரல் அப்படியே நினைவிருக்கிறது. அவள் தமிழில் கேட்டதிலேயே விஷயம் இருந்தது. ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். கட்டிய கதிரை, வாசலுக்கு வந்து நின்ற கடைகள், நாளைய மேசையில் தமையனின் சிரிப்பு, அதற்குப் பிறகு வரும் பேசாத நாட்கள் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன.

“அஞ்சு மணி வரைக்கும் பாப்பம்” என்றாள்.

மகள் அவளைப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு போய் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொலைபேசியை மடியில் வைத்திருந்தாள்.

நாலு நாற்பதுக்கு மகேந்திரராசா, “இப்ப என்ன நேரம்?” என்று கேட்டார். மகள் சொன்னாள். “இன்னும் இருபது நிமிசம்” என்றார். ரிமோட்டை எடுக்கக் கையை நீட்டினார். கை பாதியில் நின்றது. பெரிய குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. தலை சரிந்து நாடி நெஞ்சில் விழுந்தது.

லக்சிகா யாரையும் கேட்கவில்லை. எடுத்தாள்.

ஏழு நிமிடத்தில் பொம்பியே வந்தது. அதற்குப் பின்னால் மருத்துவர் வந்தார், ஒரு பெண். சோபாவைத் தள்ளி அவரை நிலத்தில் கிடத்தி, சேட்டை வெட்டினார்கள். இடம் போதவில்லை. வந்தவர்களில் இரண்டு பொடியன்கள் ரீவியை அப்படியே அலாக்காகத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டு வாசல் நடையில் சுவரோடு நிறுத்தினார்கள். கோசலை குசினி வாசலில் நின்றாள். அவளை யாரும் தள்ளவுமில்லை, கூப்பிடவுமில்லை.

நெஞ்சை அமத்திக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவிலிருந்து மருத்துவர் தலையைத் தூக்கி ஏதோ கேட்டார்.

“அம்மா, எப்ப தொடங்கினது எண்டு கேக்கினம்” என்றாள் லக்சிகா.

“இப்பதான் எண்டு சொல்லு” என்றாள் கோசலை. “பத்து நிமிசம்.”

லக்சிகா மருத்துவரிடம் திரும்பிச் சொன்னாள். கோசலைக்குப் பிரெஞ்சு வராதுதான். ஆனால் மணி தெரியும். இருபது வருடமாக வேலைக்கும் ரயிலுக்கும் கந்தோருக்கும் மணி கேட்டுத்தான் வாழ்ந்திருக்கிறாள். மகள் சொன்னது இரண்டரை. மருத்துவர் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. குசினி வாசலைத்தான் பார்த்தார். ஒரு கணம். பிறகு மறுபடி குனிந்துவிட்டார்.

ஐந்தே முக்காலுக்கு அவர் எழுந்து கையுறைகளைக் கழற்றினார். அதை யாரும் மொழிபெயர்க்கவேண்டியிருக்கவில்லை. கோசலை கணவரின் காலடியில் போய் இருந்து ஒரு காலைப் பிடித்துக்கொண்டாள். காலுறையின் பெருவிரலில் ஓட்டை. காலையில் வேறொன்று எடுத்துக் கொடுத்திருக்கலாம். அவள் அழத் தொடங்கினாள். மகள் பக்கத்தில் நின்றாள். தொடவில்லை.

ஆர்ஜொந்தெய்த் தமையன் ஏழு மணிக்கு வந்தார். செய்தி கிடைத்ததும் போட்டது போட்டபடி ரயிலேறி, சன் லசார் ரயில் நிலையத்திலிருந்து ஓடிவந்தவர். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வாசல் நடையில் நின்ற ரீவியைத் தாண்ட வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு பக்கவாட்டாக நடந்து வந்தார். வந்தவர் தம்பியின் முகத்தைப் பார்த்தார். கட்டிலில் கிடத்தி வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. வாய் கோணி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அழுகைக்கு நடுவில் கோசலையின் பக்கம் திரும்பினார்.

“இரண்டரைக்குத் தொடங்கினதாம். சஞ்சீவன் போனிலை சொன்னவன், பிள்ளை சொன்னதெண்டு. ஏன் கோசலை உடனை கூப்பிடேல்லை?”

அவள் வாயைத் திறந்தாள். ஐந்து மணி என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சொல்லத்தான் போகிறாள் என்று அவளுக்கே தோன்றியது. சொன்னால் மகளின் முகத்தை இனி நேராகப் பார்க்கலாம் என்றும் தோன்றியது.

“வாய்வெண்டு நினைச்சம், பெரியப்பா” என்றாள் லக்சிகா. தமிழில், ஒவ்வொரு சொல்லாக. அம்மாவைப் பார்க்கவில்லை. பெரியப்பாவைத்தான் பார்த்தாள்.

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த கதிரையில் மெல்ல உட்கார்ந்தார்.

லக்சிகா மேசையில் கிடந்த காகிதத்தை எடுத்து, ஈமச்சடங்கு நிலையத்துக்கு அடித்தாள். மறுமுனையில் யாரோ பெயரைக் கேட்டிருக்கவேண்டும். அவள் முதுகைத் திருப்பி யன்னல் பக்கம் நின்றுகொண்டு, அப்பாவின் நீளமான பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். பாதியில் அந்த ஆள் தவறவிட்டிருப்பான்போல. முதலிலிருந்து மறுபடியும் சொன்னாள். குரல் நடுங்கவில்லை.

பெரியப்பா சப்பாத்தைக் கழற்றாமல் வந்திருந்தார். அந்த வீட்டுக்குள் யாரும் சப்பாத்தோடு வந்ததில்லை. பனி உருகிச் சப்பாத்தைச் சுற்றி அழுக்குத் தண்ணீராகி, கட்டில் காலை நோக்கி மெல்லப் போய்க்கொண்டிருந்தது. கோசலை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணி எடுத்துவர எழும்பவில்லை.