ஒர்லிண்டா பூசிய சுவர்

அமெரிக்காவின் சாண்டா ஃபே ஊரில் மண்சுவர் பூசுவது பெண்கள் வேலை. அதில் யூஃபெமியாவின் கையை மிஞ்ச ஆளில்லை என்று தெருவே சொல்லும். சொல்லாதவர்களுக்கு அவளே சொல்லிவிடுவாள். பெயர் இருந்து என்ன, மலையில் பனி சரியாக விழாததால் சறுக்க வருகிறவர்கள் வரவில்லை. அவளுடைய விடுதியின் மூன்று அறைகளும் காலியாகக் கிடந்தன. இப்படியே போனால் கோடையில் விடுதியை மூட வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில் சிகாகோவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. போன வருஷம் தங்கிய ஓவியன் முற்றத்துச் சுவரை அதன் விரிசலோடு வரைந்து, கேன்யன் சாலையில் உள்ள ஓவியக் கடையில் விற்றிருந்தான். வாங்கிய தம்பதிக்கு அந்த விரிசலை நேரில் பார்க்க வேண்டுமாம். கூடவே மலையிலும் நடக்க வேண்டுமாம். ஒரு வாரம் தங்குவார்களாம்.

யூஃபெமியா முற்றத்துக்கு ஓடிப்போய்ச் சுவரைப் பார்த்தாள். அவளுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தபோது பக்கத்து வீட்டு நாத்தனார் ஒர்லிண்டா பூசிக் கொடுத்த சுவர் அது. விரிசல் விடாமல் என்ன செய்யும்? ஓவியன் கிளம்பிய மறுநாளே, மானம் போகிறதென்று, அவள் அதைப் பூசி மூடியிருந்தாள்.

வேறு வழியில்லாமல் சமையல் கத்தியை எடுத்துக் காலையெல்லாம் சுவரைக் கீறினாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒர்லிண்டா காபியோடு வந்து நின்றாள்.

"என் கைவேலை சிகாகோ வரைக்கும் போயிருக்காமே, அண்ணி. உங்களோடது எதுவரைக்கும் போச்சு?"

யூஃபெமியா கத்தியை இன்னும் ஆழமாக இறக்கினாள்.

தம்பதி வந்தார்கள். பச்சை மிளகாய்க் குழம்பைக் கண்ணீர் விட்டபடி இரண்டு தட்டு சாப்பிட்டார்கள். பிறகு கணவன் படத்தைச் சுவரோரம் தூக்கிப் பிடிக்க, மனைவி வெர்னா விரிசல்மேல் விரலை ஓட்டினாள்.

"இது தானா விட்டதில்லையே. யாரோ கத்தியால கீறியிருக்காங்க."

இல்லை, காற்றுதான் அப்படி அரித்தது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் யூஃபெமியாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் பூசின சுவரும்மா. கத்தி வச்சாத்தான் விரிசல் விடும். தானா விடணும்னா பக்கத்து வீட்டுக்காரியைத்தான் கூப்பிடணும்."

கூப்பிடுங்கள் என்றாள் வெர்னா.

ஒர்லிண்டா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து அந்தச் சுவரையே மறுபடி பூசினாள். நாலாம் நாள், தம்பதி மலையிலிருந்து இறங்கி வந்தபோது, படத்தில் இருந்ததைவிட நீளமாக ஒரு விரிசல் விழுந்திருந்தது. அவர்கள் கை தட்டினார்கள். அடுத்த வருஷத்துக்கும் இரண்டு வாரம் அறை கேட்டார்கள், சுவரை ஒர்லிண்டாதான் பூச வேண்டும் என்ற நிபந்தனையோடு. யூஃபெமியா சரி என்றாள். சொல்லும்போது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"முற்றத்துல இன்னொரு சுவரும் இருக்கு இல்ல, அண்ணி? அதையும் நானே பூசிடட்டுமா?" என்றாள் ஒர்லிண்டா.