பின்னால் போட இரண்டு டயர்

மணவாளனிடம் பேசுவதற்கு ஆட்டுக்கல்லிடம் பேசலாம். அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேரக் கிளம்பிய அவன் தங்கை பிரியங்கா, என் டயர் கடையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழியில் முன் டயர் வெடித்துவிட்டது. கார் மணவாளனுடையது. அதை வாடகைக்கு ஓட்டுகிறவன் பிரியங்காவின் கணவன் பரணிதரன். தகவல் தெரிந்து மணவாளன் பைக்கில் வந்து சேர்ந்தான்.

“நாலும் மொட்டை. ரெண்டுதான் வாங்குவேன்னா பின்னாடி போடுங்கண்ணா. ஈரத்துல பின்னாடி வழுக்குச்சுன்னா வண்டி சுத்திடும்” என்றேன்.

“இன்ஜின் இழுக்கறது முன்னாடி. பின்னாடி சும்மா உருண்டுகினு வர்றதுக்குப் புதுசு எதுக்கு? முருகன் பாத்துக்குவாரு.”

“பாவா, அனுராதாக்கா சொல்றது சரிங்க” என்று மச்சானைப் பார்த்துச் சொன்னான் பரணி. “போன வாரம் கனகம்மாசத்திரத்தாண்ட வண்டி சுத்தி லாரிக்கு எதுர போய் நின்னேன்.”

மணவாளன் பளாரென்று அறைந்தான். “என் வண்டி. ஓட்டறதோட நிறுத்திக்க.”

நான் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு புது டயர்களையும் முன்னால் மாட்டி முடித்தேன்.

பரணி டியூப் அறுக்கும் கத்தியை எடுத்துப் பின் டயரின் பக்கவாட்டில் குத்தி இழுத்தான். சுற்றிப்போய் மற்றதையும் கிழித்தான். காரின் பின்பக்கம் தரையில் உட்கார்ந்தது.

“இப்ப மாத்தித்தான ஆவணும், பாவா” என்று கத்தியைக் கீழே போட்டான்.

மணவாளன் அவன் தலைமுடியைப் பிடித்துக் கார் கதவில் மோதினான். மூக்கு உடைந்து ரத்தம் சட்டையில் கொட்டியது. கீழே விழுந்தவனை வயிற்றில் உதைத்தான். தடுக்க நீட்டிய வலது கையைச் செருப்புக்காலால் மிதித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பரணி அலறினான். பிரியங்கா எழ முடியாமல் “அண்ணா, வுட்டுடு” என்று அழுதாள். அதற்குமேல் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வீல் ஸ்பேனரை ஓங்கி மணவாளனின் தோளில் ஒரு போடு போட்டேன். அப்படியே மடங்கி உட்கார்ந்தான்.

வெகுநேரம் மூச்சு வாங்கினான். பிறகு எழுந்து, “பழைய டயர் ரெண்டு மாட்டும்மா. அது போதும்” என்றான். அந்த நிலையிலும் திமிர் குறையவில்லை.

பிரியங்கா புருஷனின் கையைத் தன் துப்பட்டாவில் கட்டினாள். அவள் அழுகை நின்றிருந்தது.

“இவரு கைய ஒடிச்சிட்ட. இனிமே நீதாண்ணா ஓட்டணும்.”

மணவாளன் சாலையைப் பார்த்தான். மழையில் எதிர்க்கடைகூடத் தெரியவில்லை. பள்ளிப்பட்டு பஸ் ஒன்று தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போனது. அவன் கை தானாகச் சட்டைப்பையில் இருந்த பணத்தைத் தடவியது.

“புதுசே போடும்மா” என்றான் மெதுவாக. “மழைக்கு நல்லா புடிக்கறதா பாத்துப் போடு.”

ஸ்பேனர் இன்னும் என் கையில்தான் இருந்தது. இன்னொரு போடு போட்டால் என்ன என்று தோன்றியது.