சட்டத்தில் ஓட்டை

மாமனார் சிறைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான்; பூட்டுகளுக்கு இல்லை. வீட்டு வாசற்கதவில் மட்டும் ஏழு தாழ்ப்பாள்.

அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஆட்டம் கண்டிருந்தது. மடித்துத் தோட்டா போட்டு மூடினால், விழப்போகும் பல் மாதிரி லேசாக ஆடியது. மாப்பிள்ளைக்குத் துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழில். பட்டறைக்கே வந்துவிட்டார்.

"கீழ குழலப் பிடிச்சுக்கற தாழ் ரெண்டு இருக்குல்ல மாப்ள? மேல குறுக்க மூணாவது ஒண்ணு போடுங்க."

"வேணாம் மாமா. இருக்கற ரெண்டையும் இறுக்கித் தரேன். மூணாவதுக்குச் சட்டத்துல ஓட்டை போடணும்."

மீசை நிமிர்ந்தது. "சட்டத்துல ஓட்டையா? யார்கிட்ட பேசறீங்க? காலமெல்லாம் சட்டத்தக் காப்பாத்தினவன் நான்!"

"அந்தச் சட்டம் இல்ல மாமா, இந்த இரும்புச் சட்டம்." குழல்கள் படுக்கும் தட்டும் பின்சுவரும் சேரும் மூலையில் மாப்பிள்ளை விரலை வைத்தான். "சுடும்போது உதை முழுக்க இந்த மூலைதான் தாங்கணும். கீழ ஏற்கெனவே ரெண்டு பள்ளம். சுவத்தையும் குடைஞ்சா சட்டம் பலவீனமாயிடும். ஒருநாள் உங்க முகத்துக்கு நேரா பொளந்துக்கும்."

"பூட்டு கூடினா சட்டம் பலவீனமா? ஜெயில்ல வந்து சொல்லுங்க, கைதிங்க கைதட்டுவாங்க."

நாளைக்குள் முடியாவிட்டால் கடைத்தெருக் கொல்லனிடம் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கொல்லன், கேட்டால் தன் நெற்றியில்கூட ஓட்டை போட்டுக்கொள்பவன்.

"எங்கப்பா பிடிச்ச முயலுக்கு மூணு கால். போட்டுக் குடுத்துடுங்களேன்" என்றாள் மனைவி.

"போட்டா உனக்கு அப்பா இருக்க மாட்டார். போடலன்னா எனக்கு மாமனார் இருக்க மாட்டார்."

"ரெண்டாவதுக்கு நீங்க வருத்தப்படற மாதிரி தெரியலியே."

மறுநாள் இரண்டு தாழையும் இறுக்கி, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போனான். கதவு மூடியிருந்தது.

"மூணாவது போட்டாச்சா?" உள்ளிருந்து குரல்.

"இல்ல மாமா."

"அப்ப திறக்க மாட்டேன்."

மாப்பிள்ளை கையால் தட்டினான். பிறகு, கொல்லனின் நினைவு வந்து, தோளால் ஓர் இடி இடித்தான்.

படார்! கதவின் பக்கச்சட்டம், தாழ்ப்பாள்களுக்காகக் குடைந்த ஓட்டைக்கு ஓட்டை, கோடு கிழித்தாற்போல் பிளந்தது. கதவு உள்ளே திறந்து மாமனாரைச் சுவரோடு ஒட்டியது. ஏழு தாழ்ப்பாளும் பூட்டியபடியே, பெயர்ந்த மரத்துண்டைக் கட்டிப்பிடித்துத் தொங்கின.

மாமனார் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தார். தாழ்ப்பாள்களை ஒவ்வொன்றாகத் தடவினார்.

"பாத்தீங்களா? ஒண்ணாவது திறந்துச்சா?"

பிறகு மரத்தைப் பார்த்தார். சல்லடையாக இருந்தது. துப்பாக்கியை வாங்கி மடித்தார், மூடினார், காதருகே வைத்து ஆட்டினார். அசையவில்லை.

"இதுக்கு ரெண்டே போதும்" என்றார், தரையைப் பார்த்து.

மாப்பிள்ளைக்கு மூச்சு வந்தது. "கதவுக்குப் புதுச் சட்டம் போட ஆசாரியக் கூப்பிடறேன். தாழ்ப்பாள் எத்தனை மாமா?"

ஆயுள் கைதிகளை ஒரேயடியாக அவிழ்த்துவிடச் சொன்னதுபோல் மாமனார் முகம் சுருங்கியது. வெகுநேரம் யோசித்தார்.

"ஆறு."