பொன்னுதாஸ் வீட்டுக் கதவின் எண்

பாறசாலைக்குக் கிழக்கே, பனச்சமூடு போகும் வழியில் உள்ள முப்பத்தெட்டு வீடுகளின் கதவுகளில் சர்க்கார் ஆள் தாரால் எழுதிவிட்டுப் போன எண்கள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்காம் வருஷம் ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தாமாகவே குறைந்திருந்தன. நாலு இருந்த கதவில் ஒன்று நின்றது, மூன்று இருந்த கதவில் பூஜ்யம். அழித்த தடம் எங்கும் இல்லை. அந்த வாரம் மரச்சீனிக் கிழங்கு விலையும் இறங்கியிருந்ததால், எதை முதலில் பேசுவது என்று சந்தையில் கொஞ்சம் குழப்பம் இருந்தது.

வீட்டில் பதினைந்து வயதுக்கு மேல் எழுத வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்பதுதான் அந்த எண். கணக்கெடுக்க நெய்யாற்றின்கரையிலிருந்து கிருஷ்ணன்குட்டி சைக்கிளில் வந்தார். எல்லைத் தகராறு முற்றியிருந்த சமயம் அது. தமிழ் வாசிக்கிறவர்கள் கூடுதல் என்று கண்டால் ஊர் தமிழ்நாட்டுப் பக்கம் போய்விடும் என்று ஒரு கட்சியும், மலையாளம் கூடுதல் என்றால் இந்தப் பக்கமே நிற்கும் என்று இன்னொரு கட்சியும், அவருக்கு முன்னாலேயே வீடு வீடாக ஏறி இறங்கி, கேட்டால் தெரியும் என்று மட்டும் சொல்லுங்கள் என்று சொல்லிவைத்திருந்தன. அந்தக் கணக்கை எடுக்கச் சொன்னது யார் என்று இரண்டு கட்சிக்கும் தெரியாது. டீக்கடை வேலாயுதன் தன் வீட்டில் நாலு பேர் மலையாளம் வாசிப்பதாகச் சொன்னார். அதில் ஒருவர், பார்வை போய்ப் பத்து வருஷமாகப் படுத்திருக்கும் அவருடைய மாமனார்.

பொன்னுதாஸ் வீட்டில் விஷயம் வேறு. அவர் சபையில் ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிக்கிறவர். கடைசி வரிசைக் குழந்தைகூட அழுகையை நிறுத்திவிடும், அப்படி ஒரு குரல். ஆனால் ஆறு வயதில் பூவாருக்குக் கயிறு திரிக்கப் போன அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. மனைவி ரத்னபாய்க்குத் தெரியும். சனிக்கிழமை விளக்கு வைத்ததும் அவள் பாடத்தை மூன்று தடவை வாசிப்பாள், அவர் மனசில் ஏற்றிக்கொள்வார். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் நடந்தது. வேலிக்கு இப்புறம் இருந்தவர்கள் அதைக் குடும்ப ஜெபம் என்று நினைத்து, நம் வீட்டில் இல்லையே என்று பொறாமைப்பட்டார்கள்.

கிருஷ்ணன்குட்டி வாசித்துக் காட்டச் சொல்லித் தமிழ் அட்டையை நீட்டினார். பொன்னுதாஸ் அதைக் கை நீளத்தில் பிடித்துக்கொண்டு, மனப்பாடமாயிருந்த வேதாகமச் சங்கீதம் ஒன்றைக் கணீரென்று சொன்னார். கிருஷ்ணன்குட்டிக்கோ தமிழ் பேச வரும், வாசிக்க வராது. வேலை போய்விடுமே என்று ஆபீசில் அதை மறைத்திருந்தார். குரல் இறங்கிய இடங்களில் எல்லாம் தலையை ஆட்டிவிட்டு, அடுத்து அட்டையை ரத்னபாய் பக்கம் நீட்டினார். ஈரக் கையோடு அடுக்களை வாசலில் நின்ற அவளுடைய உதடு, எட்ட இருந்தபடியே அட்டையின் முதல் வரியில் அசைந்துகொண்டிருந்தது. பொன்னுதாஸ் இடையில் புகுந்தார்.

"அவளுக்கு எழுத்து தெரியாது சாரே. மரச்சீனி அவிக்கத் தெரியும், அதாக்கும் அவளுக்க படிப்பு."

இரண்டு ஆண்களும் சிரித்தார்கள். ரத்னபாய் உள்ளே போய்விட்டாள். கதவில் ஒன்று என்று விழுந்தது.

மறுநாள் ஊர்க் கதவுகள் குறைந்தபோது அந்த ஒன்று மட்டும் அசையவில்லை. மற்றவர்கள் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள். வேலாயுதன் ஆசாரியை அழைத்து இழைப்புளி போட்டுச் சீவினார், சீவிய மரத்திலும் எண் கறுப்பாக நின்றது. தமிழ்க் கட்சிக்காரர்கள் பொன்னுதாஸின் கதவுக்கு ஒரு மாலை போட்டார்கள். அவரும் பக்கத்தில் நின்றுகொண்டார். வேலாயுதா, உனக்க மாமனாரு இண்ணைக்கு எத்தன புக்கு வாசிச்சாரு என்று டீக்கடையில் வைத்து அவர் கேட்டதை வேலாயுதன் மறக்கவில்லை.

புரட்டாசியில் ரத்னபாயின் தங்கை புஷ்பபாய்க்குப் பிரசவம். ரத்னபாய் திருப்புறத்துக்குப் பஸ் ஏறினாள். பஸ் வளைவு திரும்பியதும் கதவில் இருந்த ஒன்று பூஜ்யம் ஆயிற்று. பொன்னுதாஸ் பாயைத் தொங்கவிட்டார், எண் பாயில் வந்து நின்றது. கதவைக் கழற்றித் திருப்பி மாட்டினார், எண்ணும் திரும்பிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தொண்டை கட்டிவிட்டது என்று போதகரிடம் சைகை காட்டினார். ஒன்பதாம் நாள் ரத்னபாய் பஸ்ஸைவிட்டு இறங்கி மூட்டையைக் கீழே வைப்பதற்குள் கதவில் ஒன்று வந்துவிட்டதை, பஸ் நிற்கும் இடமும் பொன்னுதாஸின் வாசலும் ஒருங்கே தெரியும் டீக்கடையிலிருந்து வேலாயுதன் பார்த்தார். ஒவ்வொரு கிளாஸ் டீயோடும் அதையும் ஊற்றிக் கொடுத்தார். நம்பாதவர்கள், கன்றுக்குட்டியைப் பார்க்க வா, குழந்தைக்கு மருந்து சொல்ல வா என்று ரத்னபாயை, ஊரை ஒட்டி ஓடும் தோட்டுக்கு அக்கரைக்கு அழைத்தார்கள். அவள் தோட்டைக் கடந்தால் பூஜ்யம், திரும்பினால் ஒன்று. மூன்று தடவை அவளை அப்படி நடக்கவிட்டுப் பார்த்தது இந்த ஊர்தான், வேறு ஊர் அல்ல. நினைத்தால் இன்றைக்கும் சிலர் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

பொன்னுதாஸ் இரண்டு நாள் கஞ்சி குடிக்கவில்லை. மூன்றாம் நாள் மாலை, வேலியருகே விறகு பொறுக்கியவர்கள் கொஞ்சம் மெதுவாகவே பொறுக்கினார்கள். ரத்னபாயின் குரல் உயரவே இல்லை.

"எனக்கு எழுத்து தெரியாதுன்னு சொன்னது போட்டும். அட்டைய எனக்க கையில தந்தா நான் உங்களக் காட்டிக்குடுத்திருவேன்னு பேடிச்சிய, அதாக்கும் எனக்குத் தாங்க முடியல்ல. இருவத்திரண்டு வருசம் உங்களுக்கு வாசிச்சவ நான். அட்டைய வாங்கி நானும் அந்தச் சங்கீதத்தத்தான் சொல்லியிருப்பேன்."

 வேலிக்கு இப்புறம் பொறுக்க விறகு தீர்ந்துவிட்டது.

மறுநாள் இருவரும் நெய்யாற்றின்கரை ஆபீசுக்குப் போனார்கள். ஐந்து குமாஸ்தாக்கள் இருக்கும்போதே பொன்னுதாஸ், தனக்கு வாசிக்கத் தெரியாது, இவளுக்குத்தான் தெரியும், மாற்றி எழுத வேண்டும் என்றார். கிருஷ்ணன்குட்டி முகம் வெளுத்து, புத்தகம் மூடித் திருவனந்தபுரம் போய்விட்டது, இனி யாராலும் திருத்த முடியாது என்றார். குமாஸ்தாக்கள் சாயாவுக்கு எழுந்து போனதும் ரத்னபாயிடம் தணிந்த குரலில் கேட்டார்:

"அம்மச்சி, அந்த அட்டையில என்னவாக்கும் எழுதியிருந்தது?"

குடிக்கிற வெள்ளத்தைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லி எழுதியிருந்தது என்றாள். அவர் தன் மேஜைமேல் இருந்த தண்ணீர் கிளாஸை வெகுநேரம் பார்த்தார். பஸ்ஸில் திரும்பும்போது பொன்னுதாஸ் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தார். சர்க்கார் புத்தகத்தில் இன்றைக்கும் அவர் வாசிக்கத் தெரிந்தவர், அவள் தெரியாதவள்.

அதன்பிறகு அவர் வேதபாடத்துக்கு எழுந்து நிற்கவில்லை. கடைசி வரிசையில் குழந்தைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். ஐம்பத்தாறில் எல்லைக் கோடு வேறு இடத்தில் விழுந்து, ஊர் இந்தப் பக்கமே நின்றது. கதவு எண்களை ஒருவரும் கேட்டு வரவில்லை. பம்பாயிலிருந்தும் பட்டாளத்திலிருந்தும் வந்த தமிழ்க் கடிதங்களை எடுத்துக்கொண்டு ஆட்கள் ரத்னபாயிடம் வரத் தொடங்கினார்கள். ரோட்டில் நின்றே கதவைப் பார்த்துக்கொள்வார்கள். ஒன்று என்றால் படி ஏறுவார்கள், பூஜ்யம் என்றால் திரும்பிவிடுவார்கள். யாராவது கவனிக்காமல் முற்றம்வரை வந்துவிட்டால், தென்னையடியில் தேங்காய் உரித்துக்கொண்டிருக்கும் பொன்னுதாஸ் நிமிராமலே சொல்லுவார்.

"இப்பம் பூஜ்யமாக்கும் மக்கா. நாலு மணி பஸ்ஸுக்கு ஒண்ணு ஆவும்."