நாலாம் மாடிப் பெண்மணி

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு என்னைச் செயலாளராகப் போட்டதற்கு ஒரே காரணம், எனக்குப் படிவம் நிரப்பத் தெரியும். பகலெல்லாம் மருந்துக்கடையில் உட்கார்ந்து காப்பீட்டுப் படிவம் நிரப்புகிறவள், சாயங்காலம் சங்கத்துக்கும் சேர்த்து நிரப்பட்டுமே என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை. செயலாளர் என்று யாராவது கூப்பிட்டால் கேட்க நன்றாகத்தானே இருக்கிறது!

கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் பழைய சைக்கிள் அறை ஒன்று பூட்டிக் கிடந்தது. அதைக் கழுவி, வெள்ளையடித்து, நாற்காலி போட்டு, எல்லோரும் வந்து உட்கார்ந்து பேசுகிற பொது அறையாக்க வேண்டும். மாநகராட்சி இப்படிப்பட்ட காரியங்களுக்கென்றே அக்கம்பக்க நிதி என்று ஒன்று வைத்திருக்கிறது. இரண்டு வருடம் விண்ணப்பித்தோம். இரண்டு வருடமும் ‘தேவை நிரூபிக்கப்படவில்லை’ என்று ஒரே வரியில் முகத்தில் விட்டெறிந்தார்கள்.

எனக்கு அந்த அறை வேண்டியிருந்தது. என் அக்கா அதே கட்டிடத்தில் நாலாம் மாடியில் தனியாக இருக்கிறாள், நான் முதல் மாடியில். அத்தான் போய் ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைகுட்டி கிடையாது. லிஃப்டும் கிடையாது. அவள் மூட்டுக்கு ஒருநாளைக்கு ஒருமுறைதான் இறங்கி ஏற முடியும். இறங்கினால் கொஞ்சநேரம் உட்கார ஓர் இடம் வேண்டும், அது இல்லாததால் அவள் இறங்குவதே இல்லை. அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இந்த உலகத்தில் இருப்பது அவள் ஒருத்திதான். அவளுக்கும் நான்தான்.

மூன்றாவது தடவை விண்ணப்பித்தபோது, நிதிப் பிரிவு அதிகாரியம்மா எங்களுக்கு யோசனை சொல்ல நேரில் வந்தார். நல்ல மனுஷிதான்.

“புள்ளிவிவரத்தையெல்லாம் யாரும் படிக்கிறதில்லம்மா. ஒரே ஒரு ஆளைப் பத்தி எழுதுங்க, பேரு வேண்டாம். படிக்கிறவங்களுக்குத் தொண்டை அடைக்கணும்” என்றார்.

சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவர் குரலுக்கு நாங்கள் வைத்த பெயர் ஹாரன். “அடைச்சிடலாம் மேடம்! நம்ம செயலாளர் பேனாவை எடுத்தா அப்புறம் கேக்கவே வேண்டாம்” என்று முழங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழுத உட்கார்ந்தேன். அக்கா ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னது ஞாபகம் வந்தது. “மூணு நாளா ஒரு ஜீவன்கிட்ட பேசலடி. குரல் இருக்கா போச்சான்னு பாக்க, கொதிக்கிற பால்கிட்ட ‘ஏய், அடங்கு’ன்னேன். பால் கேக்கல, பொங்கிடுச்சு.” நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த மூன்று நாளும் நான் ஏறிப் போகாததற்குச் சங்கக் கூட்டம்தான் காரணம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சிரிப்பை எடுத்துவிட்டு மீதியை எழுதினேன். ‘நான்காம் மாடியில் ஒரு பெண்மணி வசிக்கிறார். நாள்கணக்கில் மனித முகம் பார்க்காமல், கொதிக்கும் பாலோடு பேசுகிறார்.’ அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முதல் மாடியில் தங்கை இருக்கிறாள் என்று தெரிந்தால், அந்தத் தங்கை என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று கேட்க மாட்டார்களா? ஆகவே, ‘அவருக்கு உறவென்று சொல்லிக்கொள்ள எவருமில்லை’ என்று சேர்த்தேன். எழுதியவை அனைத்தும் உண்மை, பொய்யானால் நிதியைத் திருப்பித் தர வேண்டும் என்ற உறுதிமொழியில் ஹாரனும் நானும் கையெழுத்திட்டோம். கடைசிப் பக்கத்தில் வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. ‘பொது நிகழ்ச்சியில் வாசிக்கச் சம்மதமா’ என்பதும் அதில் ஒன்று. கடைப் பழக்கம் எனக்கு, கட்டத்தைக் கண்டால் கை தானாக டிக் போட்டுவிடும்.

நிதி கிடைத்தது. அறை வெளுத்தது, நாற்காலிகள் வந்தன. திறப்பு விழாவுக்குக் குறைந்தது முப்பது பேர் வர வேண்டும் என்று ஒரு நிபந்தனை. இருபத்தொன்பதுக்கு மேல் தலை தேறவில்லை. நான் நாலு மாடி ஏறிப் போய் அக்காவிடம் கெஞ்சினேன்.

“எனக்காக ஒருநாள் இறங்கி வாக்கா.”

“நீ கூப்பிட்டு வராம இருப்பேனா? என்ன, ஒரு அரைமணி முன்னாடியே கிளம்பணும்” என்றாள். இஸ்திரி போட்ட உடுப்பும், ஆறு வருடமாக வெளியே எடுக்காத கைக்கடிகாரமும் போட்டுக்கொண்டு வந்தாள். அவளை முன்வரிசையில் உட்கார வைத்தேன். பக்கத்தில் இருந்தவரிடம், “செயலாளர் என் தங்கச்சிதான்” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதிகாரியம்மா பேச எழுந்தார். “இந்த வருஷம் எங்க குழுவையே அழவச்ச விண்ணப்பம் இது” என்று ஒரு தாளை எடுத்தார். முன்னால் போய்த் தடுத்திருக்கலாம். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் நிறுத்தி நிறுத்தி, அழகாக வாசித்தார். பால் வந்தது. உறவென்று எவருமில்லை என்பதும் வந்தது. நாலாம் மாடியில் இரண்டே வீடுகள். ஒன்று வருடக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது. முன்வரிசையில் இருந்தவர்கள் மெதுவாக அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஹாரன் பலமாகக் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள்.

அக்கா எழுந்து வெளியே போனாள். மாடிப்படி அருகே போய்க் கையைப் பிடித்தேன்.

“அறைக்காகத்தான்கா எழுதினேன். உனக்காகத்தான்.”

“பாலைப் பத்தி எழுதினது போகட்டும்டி, அது நான் சொன்னதுதான். யாருமில்லைன்னு எப்படிடி எழுத மனசு வந்துச்சு? தினமும் உன் வீட்டுக் கதவு சாத்துற சத்தத்தைக் கேட்டுட்டுத்தானே நான் விளக்கை அணைக்கிறேன்?”

அவள் கையை உருவிக்கொண்டு கைப்பிடியைப் பற்றி ஏறினாள். முதல் திருப்பத்தில் மறைந்தாள். மூட்டு தாங்காமல் அதற்கு மேலே எங்கோ நின்றுவிட்டாள். செருப்புச் சத்தம் நின்றதில் தெரிந்தது.

பின்னால் அதிகாரியம்மா வந்துவிட்டார், கூடவே ஹாரன்.

“இப்ப ஏறிப் போனாங்களே, அவங்கதானே அது? யாரோ உங்களைத் தங்கச்சின்னு சொன்ன மாதிரி காதுல விழுந்துச்சு. உங்களுக்குச் சொந்தமா?” என்று கேட்டார். குரலில் கண்டிப்பு இல்லை, ஆனால் கையில் அந்தத் தாள் இருந்தது.

ஹாரன் என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த மனுஷனுக்குக் குரல் வரவில்லை. உள்ளே புது நாற்காலிகளில் ஜனம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. நான் ஆமாம் என்றால் நாளைக்கே அந்த அறைக்குப் பழையபடி பூட்டு. மேலே ஒரு சத்தமும் இல்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் படிக்கட்டில் ஒரு குண்டூசி விழுந்தாலும் மேலே கேட்கும்.

“இல்ல மேடம்” என்றேன். “வயசுல பெரியவங்க, அக்கான்னு கூப்பிடுவேன். அவ்வளவுதான்.”

“பாவம்” என்றார் அதிகாரியம்மா.

செருப்புச் சத்தம் மறுபடி ஏறத் தொடங்கியது. இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி என்று ஓர் இடத்திலும் நிற்காமல் ஏறியது. அந்த மூட்டுவலியோடு எப்படித்தான் ஏறினாளோ! கதவு சாத்துகிற சத்தம் கேட்கிற வரைக்கும் நான் அங்கேயே நின்றேன்.